புடவைக்குத் துணையாக மலையேறிய நாள்

மலையேறுவதற்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வரச் சொன்ன கடை உலகத்திலேயே எங்கள் கடை ஒன்றாகத்தான் இருக்கும். யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் சொல்ல ஆரம்பிப்பேன், பாதியில் கோபம் வந்துவிடும். இங்கே அந்தக் கோபத்திலிருந்தே ஆரம்பித்துவிடுகிறேன்.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் முதல் மாடியில், கல்யாணப் புடவைப் பிரிவில் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். பார்ப்பது என்பது பேச்சுக்குத்தான். நிற்பதுதான் வேலை. ஆண்கள் வெள்ளைத்துணி விரித்த மெத்தையில் உட்கார்ந்து புடவைகளை எடுத்து விரிப்பார்கள். பெண்கள் நாங்கள் பின்னால் வரிசையாக நிற்போம். வாடிக்கையாளர் எந்தப் புடவையைக் கை காட்டுகிறாரோ அதை எங்கள் மேல் போட்டுக் காட்ட வேண்டும். தோளில் முந்தானை, இடுப்பில் கொசுவம், ஒரு சுற்றுத் திரும்பு. கல்யாணப் பெண்ணின் அம்மா, அத்தை, சித்தி எல்லோரும் என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். பார்ப்பது புடவையை. ஒருமுறை ஓர் அம்மாள் அரை மணி நேரம் என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுநாள் பேருந்தில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

மாடியில் ஜன்னல் கிடையாது. வெளிச்சம் முழுக்க விளக்கு வெளிச்சம். "வெயில்ல கலர் எப்படி இருக்குதுன்னு பாக்கணும்" என்று யாராவது கேட்டால் மட்டும் புடவையைத் தூக்கிக்கொண்டு அவர்களோடு வாசல்வரை இறங்கிப் போவேன். பகலில் எனக்கு வெயில் கிடைப்பது அப்படித்தான், புடவைக்குத் துணையாகப் போகும்போது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் கடையில் சேரும் பெண்ணுக்கு முதல்நாளே சொல்லிக் கொடுப்பது ஒன்றுதான்: புடவை தரையில் படக்கூடாது. வேறு எதற்கும் திட்டோடு விட்டுவிடுவார்கள். முந்தானை நுனி தரையில் பட்டால் விடமாட்டார்கள். கொஞ்ச நாளில் உடம்பே பழகிவிடும். கால் தடுக்கினால் கை கீழே போகாது, புடவையோடு மேலே போகும்.

மார்கழியில் கல்யாணம் இல்லை. கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருப்போம். போன மார்கழியில் ஒருநாள் காலையில் எங்கள் மாடி மேலாளர் எல்லோரையும் கூட்டி வைத்து, "முதலாளி ஸ்டாஃப் எல்லாரையும் மலைக்குக் கூட்டிக்கினு போகச் சொல்லிட்டாரு. ட்ரெக்கிங்பா" என்றார். ஜவ்வாது மலைப்பக்கம். வேன், சாப்பாடு, வழிகாட்ட ஆள் எல்லாம் கடை ஏற்பாடு. அந்த ஒருநாள் மட்டும் அவரவர் வார விடுமுறையில் கழியும் என்று போகிறபோக்கில் சொன்னார். ஆண்கள் கைதட்டினார்கள்.

எனக்கும் சந்தோஷம்தான், அதை மறைக்க மாட்டேன். என் வீடு முசரவாக்கத்தில். எந்தப் பக்கம் திரும்பினாலும் சமதரை. ஏரிக்கரை, நெல்வயல், மனை போட்டு நட்ட கற்கள், செல்போன் டவர். மற்றவர்களாவது கோயில் என்று ஏதாவது மலைப்படி ஏறியிருப்பார்கள். நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம், அதற்கும் வழியில்லை. பேருந்து ஜன்னலில் தூரத்து மலையைப் பார்த்ததோடு சரி. வார விடுமுறை என்றால் எனக்குத் துவைப்பதும் ரேஷன் கடையில் நிற்பதும்தான். அதில் ஒன்று மலைக்குப் போனால் போகட்டும் என்று நினைத்தேன். ஒரு மலையின் உச்சியில் நிற்க வேண்டும், அங்கிருந்து கீழே பார்க்க வேண்டும். வேறு ஆசை இல்லை. வீட்டில் என் மகள், "உச்சி வரைக்கும் போவியாமா, பாதியில திரும்பிடுவியா?" என்று கேட்டாள். "உச்சி வரைக்கும்தான்" என்றேன்.

புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம்தான் பூனைக்குட்டி வெளியே வந்தது.

"மாடி லேடீஸ் எல்லாரும் நாளைக்கு நம்ம புடவையில வரணும்" என்றார் மேலாளர். "தை முகூர்த்தத்துக்கு விளம்பரம். உச்சியில வரிசையா நிக்க வெச்சி டிரோன்ல எடுக்கறோம். ஆளுக்கு ஒரு கலர்."

"சார், மலை ஏறணுமே" என்றாள் என் தோழி. சின்ன காஞ்சிபுரத்தில் தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பத்துப் பெண். மாடியில் என் பக்கத்தில் நிற்பவள். வயதில் சின்னவள் என்றாலும் வாய் பெரிது.

"ஏறும்மா. புடவை இன்னா காலையா கட்டுது?"

"மேல போய்க் கட்டிக்கலாமே சார்?"

"மேல எங்க கட்டுவே? ரூமா போட்டு வெச்சிருக்காங்க?"

அடுத்தடுத்து விதிகள் வந்தன. வேர்வை படக்கூடாது, அக்குளில் கைக்குட்டை மடித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஷூ கூடாது, படத்தில் அசிங்கமாகத் தெரியும். கடையே தங்கநிறச் செருப்பு தரும். முள்ளில் மாட்டக்கூடாது, மாட்டினால் இழுக்கக்கூடாது. படம் எடுத்தபிறகு புடவைகள் திரும்பக் கடைக்குப் போய், மடிக்கப்பட்டு, புதுப்புடவையாக அலமாரியில் ஏறும். யாரோ ஒரு பெண் மணவறையில் உட்காரப் போகிற புடவையில் நாங்கள் மலையேறிவிட்டு வர வேண்டும், அவளுக்கும் தெரியக்கூடாது. அன்றைக்கே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் உச்சி என்ற ஆசை இருந்ததே, அதனால் வாயை மூடிக்கொண்டேன். எனக்குக் கொடுத்தது மாம்பழ மஞ்சள். அரக்குக் கரை, முந்தானை முழுக்க ஜரிகை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்த மாதிரி கனம்.

விடியும் முன்னே வேன் புறப்பட்டது. சின்ன காஞ்சிபுரத்தில் தோழி ஏறும்போது பெருமாள் கோயில் ஒலிபெருக்கியில் பாசுரம் ஓடிக்கொண்டிருந்தது. கிளிப்பச்சைப் புடவையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஆண்கள் எல்லோரும் டிராக் பேண்ட், டி ஷர்ட், புது ஷூ. ஓரிக்கை தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் வேன் போகும்போது அவள் என் காதருகில் சொன்னாள்: "பாத்தியாக்கா, அவங்க மலைக்குப் போறாங்க. நம்ம கண்ணாலத்துக்குப் போறோம்."

மலையடி கிராமத்தில் இறங்கினோம். வழிகாட்டி முன்னால், அவர் பின்னால் டிரோன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதலாளியின் மருமகன், அப்புறம் ஆண்கள், கடைசியில் வண்ண வண்ணமாக நாங்கள். விறகுக் கட்டோடு இறங்கி வந்த ஒரு பெண் ஓரமாக ஒதுங்கி நின்று எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"மேல கண்ணாலமா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா" என்றாள் தோழி. "மாப்பிள்ளைதான் இன்னும் வரலை."

அந்தப் பெண் சிரித்த சிரிப்பு வளைவு திரும்பும்வரை கேட்டது. மேலாளருக்கு அது பிடிக்கவில்லை.

கொஞ்ச தூரம் தாண்டினால் பாதை ஒற்றையடி ஆகிவிட்டது. இரண்டு பக்கமும் இடுப்பு உயரப் புதர், கீழே உருளும் கல். எங்கள் அம்மா நடவுக்குப் போகும்போது புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட்டமாக நடப்பாள். அது நூல் புடவை, அவளுடைய புடவை. நான் கட்டியிருந்தது அடுத்தவருடையது. செருகினால் மடிப்பு கசங்கும், விட்டால் முள்ளில் மாட்டும். ஒரு கையில் கொசுவம், ஒரு கையில் முந்தானை. இரண்டு கையும் புடவைக்கே போய்விட்டது.

எனக்கு இன்றைக்கும் ஆறாதது இதுதான். மலையைப் பார்க்க வந்தவள் நான். மரம் இருந்திருக்கும், பறவை கத்தியது காதில் விழுந்தது, பனி விலகி வெயில் வந்ததும் முதுகில் தெரிந்தது. ஆனால் ஒன்றையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அரக்குக் கரையையே பார்த்துக்கொண்டு ஏறினேன். முன்னால் ஆண்கள், "அங்க பாருடா, அருவி மாதிரி தெரியுது" என்று கத்துவார்கள். எங்கள் வரிசையில், "அக்கா, பின்னால தரையில படுது, தூக்கு" என்று குரல் வரும். ஒரே பாதை. இரண்டு மலை ஏறிக்கொண்டிருந்தோம்.

மேலாளர் அடிக்கடி நின்று எங்களைத் திரும்பிப் பார்ப்பார். முதலில் நாங்கள் ஏறி வருகிறோமா என்று பார்க்கிறார் என நினைத்தேன். அவர் உதடு அசைவதைக் கவனித்தபோது புரிந்தது, "மஞ்சள், பச்சை, மயில்கழுத்து, அரக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பாதிக்கு மேல் ஏறியிருப்போம். ஒரு சரிவுப் பாறை, தண்ணீர் கசிந்து வழவழவென்று இருந்தது. ஆண்கள் ஷூவோடு தாண்டிவிட்டார்கள். நான் காலை வைத்தேன். தங்கநிறச் செருப்பு காலையும் இழுத்துக்கொண்டு தன் வழியில் போனது. கீழே போகிறேன் என்று தெரிந்ததும் யாருமே செய்வது கையை ஊன்றுவதுதான், நடை பழகும் குழந்தையும் ஊன்றும். நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு கையையும் மேலே தூக்கினேன். இடது கையில் முந்தானை, வலது கையில் வாரிப் பிடித்த கொசுவம், இரண்டும் தலைக்கு மேலே. ஊன்ற மூன்றாவது கை எனக்கு இல்லை. முட்டி பாறையில் மோதியது, அப்புறம் வலது முழங்கை. கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ அடித்தது.

அப்படிக் கிடந்தபடி நான் முதலில் பார்த்தது முந்தானையை.

பட்டுக்கடைக்காரியைத் தவிர வேறு யாரும் இப்படி விழமாட்டார்கள். அப்படி விழுந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இல்லை, ஆத்திரமாக இருக்கிறது. என் கை, என் முழங்கை, என் உடம்பு. அது என்னைக் காப்பாற்றாமல் அவர்கள் சரக்கைக் காப்பாற்றியது. யார் கற்றுக்கொடுத்தது அதற்கு?

எல்லோரும் ஓடி வந்தார்கள். தூக்கி நிறுத்தினார்கள். தோழிதான் முதலில் வந்தவள். வந்தவள் குனிந்து கரையைக் கையில் எடுத்து, இரண்டு விரலால் தடவி, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள், கடையில் பழுது இருக்கிறதா என்று பார்ப்பது போலவே. மற்றவர்கள் பின்பக்கம், கொசுவம், முந்தானை என்று ஆளுக்கு ஒரு பக்கம் பிரித்துக்கொண்டார்கள். ஆண்களும்தான். எல்லோரும் கைதேர்ந்தவர்கள், ஒரு நூல் இழுத்திருந்தால்கூடக் கண்டுபிடித்திருப்பார்கள். நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன். முழங்கையிலிருந்து ரத்தம் மணிக்கட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

மேலாளர் மூச்சு வாங்க இறங்கி வந்தார். "புடவைக்கு ஒண்ணும் ஆவலையே?"

"இல்ல சார், நல்லா இருக்குது" என்றது ஒரு குரல்.

அப்போதுதான் என் கையைப் பார்த்தார். "ஐயோ, கையைத் தள்ளிப் பிடிமா! ரத்தம் பட்டுடப் போவுது!"

யாரோ ஒரு துண்டை நீட்டினார்கள். காயத்தில் கட்டத்தான் என்று கையைக் காட்டினேன். அந்தத் துண்டை அவர் வாங்கி, என் கைக்கும் புடவைக்கும் நடுவில் வைத்தார்.

தோழி அதைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். துண்டை வெடுக்கென்று உருவி என் முழங்கையில் சுற்றிக் கட்டினாள். கட்டி முடிக்கும்வரை தெலுங்கில் என்னவோ முணுமுணுத்தாள். யாரைத் திட்டினாள் என்று நான் கேட்கவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது.

மேலாளர் மணியைப் பார்த்தார். வெயில் ஏறினால் படம் நன்றாக வராதாம். அவர் சட்டென்று ஒரு வழி கண்டுபிடித்தார்.

"நீ இங்கயே உக்காருமா. மேல வர வேணாம். கேஷ் கவுண்டர் பொண்ணு சுடிதார்ல வந்திருக்குது, அதுங்கிட்ட புடவையைக் கொடுத்துட்டு அதோட சுடிதாரைப் போட்டுக்கோ. நாங்க படம் எடுத்துக்கினு வந்து உன்னைக் கூட்டிக்கினு இறங்கறோம். பைங்களையும் பாத்துக்கோ."

புடவை உச்சிக்குப் போக வேண்டும், நான் பாதியில் இருந்து பைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை அக்கறை போல அவர் சொன்னதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அதுவரை எனக்கு வலி மட்டும் இருந்தது. அந்த வார்த்தைக்கு அப்புறம் வலி எங்கே போனது என்றே தெரியவில்லை.

"எங்க சார் மாத்தறது?" என்றேன்.

"அதோ, அந்தப் பாறைக்குப் பின்னால..."

"இத்தனை ஆம்பளைங்க நிக்கறாங்க. பாறைக்குப் பின்னால புடவையை அவுக்கச் சொல்றீங்க. உங்க வீட்டுப் பொண்ணா இருந்தா சொல்லுவீங்களா?"

ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். கேஷ் கவுண்டர் பெண் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "நான் மாத்த மாட்டேன் சார்" என்றாள்.

"சரிமா, தப்பா எடுத்துக்காத. கால்ல அடிபட்டிருக்குது, எப்படி ஏறுவே? அதுக்குத்தான் சொன்னேன்."

"நான் ஏறுவேன் சார். நான் மலைக்கு வந்திருக்கேன்."

செருப்பைக் கழற்றி அங்கேயே விட்டேன். கொசுவத்தை இடது கையால் மொத்தமாக வாரி இடுப்பில் செருகினேன். முந்தானையைச் சுற்றி இன்னொரு பக்கம் செருகினேன். பின்னால், "கரை மடங்குது! கரை மடங்குதுமா!" என்று குரல் கேட்டது. மடங்கட்டும். அந்த மாதிரி நடந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அடிபட்ட கை துண்டுக் கட்டோடு தொங்கியது, இன்னொரு கை காலியாக இருந்தது. அந்தக் கையால் கிளையைப் பிடித்தேன், பாறையைப் பிடித்தேன். முட்டி ஒவ்வொரு அடிக்கும் கத்தியது. கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தேன். நெல்லி மரம் இருந்தது, காய் கொத்துக் கொத்தாக. கல்லின் மேல் பாசி காய்ந்து பூப்போட்டது போல இருந்தது. பாதை ஓரத்தில் யாரோ மாடு கட்டிய தழும்போடு ஒரு மரம். ஆண்கள் சிலர் வழிவிட்டு ஒதுங்கினார்கள், நான் தாண்டிப் போனேன். வழிகாட்டி திரும்பிப் பார்த்துவிட்டு, தன் கைத்தடியை என்னிடம் நீட்டினார்.

உச்சி என்றால் கூராக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு பெரிய மொட்டைப் பாறை, வீட்டு முற்றம் மாதிரி அகலமாக இருந்தது. காற்று காதை அடைத்தது. கீழே காடு, காட்டுக்கு அப்புறம் ஊர்கள், ஏரிகள், ரோடு, எல்லாம் வெயிலில் கிடந்தன. எங்கள் ஊர் அந்தப் பக்கம் எங்கேயோ இருக்க வேண்டும். தேடவில்லை. இவ்வளவு இடம் இருக்கிறது, இத்தனை வருஷம் நான் ஜன்னல் இல்லாத ஒரு மாடியில் நின்றேன் என்று தோன்றியது. அழுகை வந்தது. யாரும் வருவதற்கு முன்னால் துடைத்துக்கொண்டேன்.

மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். மேலாளர் கைதட்டி வரிசை போட ஆரம்பித்தார். அரக்கு இங்கே, மயில்கழுத்து அங்கே, பச்சைக்கு அடுத்து மஞ்சள். பெண்கள் முகம் துடைத்து, முந்தானையை விரித்து நின்றார்கள். டிரோன் சத்தம் போட்டுக்கொண்டு மேலே போனது. கருவண்டு கூட்டமாக வந்த மாதிரி இரைச்சல்.

"மஞ்சள்! மஞ்சள் எங்க?"

நான் பாறை விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்தேன். வெறும் பாறையில், கீழே எதையும் விரிக்காமல், காலை நீட்டி, முட்டியைத் தடவிக்கொண்டு. செருகியிருந்த முந்தானை நழுவி ஒரு பக்கம் பாறையில் கிடந்தது. கை மேலே போகவில்லை.

மேலாளர் கத்திக்கொண்டு ஓடி வந்தார். "எழுந்திரும்மா! பாறையில புடவையோட உக்காந்துக்கினியே! எழுந்திரு!"

"புடவை உக்காரலை சார்" என்றேன். "நான் உக்காந்துக்கினு இருக்கேன்."

"விளையாடாத. டிரோன் மேல இருக்குது. எல்லாரும் காத்துக்கினு இருக்காங்க."

"இன்னைக்கு எனக்கு லீவு சார். நீங்கதான் லீவுல கழிச்சீங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். சேர்ந்த நாளிலிருந்து அவர் அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை. மருமகன் அந்தப் பக்கமிருந்து பேட்டரி போகிறது என்று சத்தம் போட்டார். மேலாளர் திரும்பிப் போனார். நான் கீழே ஊர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர்கள் படம் எடுத்து முடித்து, சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. தோழி பொட்டலத்தோடு வந்து என் பக்கத்தில் கிளிப்பச்சையோடு சப்பென்று உட்கார்ந்தாள். அவளையும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

முழங்கையில் எலும்பு விரிசல் விட்டிருந்தது. மாவுக்கட்டோடு திரும்பிப் போனபோது என்னைக் கல்யாணப் பிரிவிலிருந்து எடுத்துக் கீழே ஜாக்கெட் துணிப் பிரிவில் போட்டிருந்தார்கள். ஒற்றைக் கையால் அளக்க முடியாது, ஆனாலும் போட்டார்கள். கை எப்படி இருக்கிறது என்று மேலாளர் இன்றுவரை கேட்கவில்லை. மஞ்சள் புடவை அலசப்படாமலே மடித்து அலமாரியில் ஏறி, தை பிறந்த வாரமே விற்றுப்போனது. பாறையில் உட்கார்ந்தும் அதற்கு ஒரு கீறலும் இல்லை. அதையும் அவர் சொல்லவில்லை.

படத்தைப் பெரிதாக அடித்துக் கடை வாசலில் மாட்டியிருக்கிறார்கள். வண்ண வண்ணமாகப் பெண்கள், பின்னால் மலை. பச்சைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் காலியாக இருக்கிறது. அவசரத்தில் நெருங்கி நிற்கச் சொல்ல மறந்துவிட்டார்கள். முதலாளிக்கு அது பிடித்துப்போனதாம், அந்த இடத்தில் மலை நன்றாகத் தெரிகிறதாம்.

போன வாரம் கல்யாணப் புடவை எடுத்துவிட்டு ஜாக்கெட் துணிக்காக என்னிடம் வந்த ஓர் அம்மாள், பில் போடும்வரை அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "குடுத்து வெச்சவங்கம்மா நீங்க, கடையில எங்கெல்லாம் கூட்டிக்கினு போறாங்க" என்றார். அப்புறம் காலி இடத்தைக் காட்டி, "இங்க ஒருத்தர் வரலை போல?" என்று கேட்டார்.

"வந்தாங்கம்மா" என்றேன். "உச்சி வரைக்கும் வந்தாங்க. நிக்க மாட்டேன்னுட்டாங்க."